‘வந்துட்டேன்’ அங்கிள்

முதலில் ஸ்பேனர்தான் பேசும். எந்த இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோயிருக்கிறதோ, அதற்கு மேல்மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறப்பார். இருட்டுக்குள் கையை நீட்டி, சுவரோரமாகக் கீழே இறங்கும் இரும்பு ரெயிலில் டங், டங் என்று இரண்டு தட்டு. அந்தச் சத்தம் இரும்பு வழியாகவே இறங்கி, உள்ளே மாட்டிக்கொண்டவரின் காலடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் தொண்டையைத் திறப்பார்: “வந்துட்டேன்!”

கயிறு சிக்கியதா, கதவு சரியாக மூடவில்லையா, மின்சாரம் போனதா என்பதெல்லாம் அப்புறம். “உள்ள இருக்கறவங்களுக்கு மொதல்ல மெக்கானிக் வேணாங்க, ஒரு ஆளு வேணும். பெல்லை அடிச்சுட்டு, யாருக்காவது கேட்டுச்சா கேக்கலையான்னு தெரியாம நிக்கறாங்க பாருங்க, அதுதான் பயம். ரெண்டு தட்டு தட்டினா பாதி பயம் போயிடும். மீதிப் பாதிய நான் ரிப்பேர் பண்ணிக்குவேன்” என்பார்.

அந்தத் தெருவில் ஏழு கட்டடங்கள், ஏழு லிஃப்ட்டுகள், ஏழுக்கும் இவர் ஒருவர். குழந்தைகள் வைத்த பெயர் ‘வந்துட்டேன் அங்கிள்’. பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் லிஃப்ட் கம்பெனியின் அடையாள அட்டையில் இருக்கிறது. அந்த அட்டை எங்கே இருக்கிறது என்பது அவருக்கே நினைவில்லை.

ஐம்பத்து மூன்று வயது. சட்டைப் பையில் டெஸ்டர், காதுமடலில் பென்சில். நடக்கும்போது இடது காது உடம்பைவிட அரை அங்குலம் முன்னால் போகும். லிஃப்ட்டில் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டுவிடுவார். “மூணாவது மாடி தாண்டும்போது ஒரு தும்மல் இருக்கு” என்று அவர் சொன்னால், அடுத்த வாரம் மூன்றாவது மாடிக் கதவு மூடாமல் அடம்பிடிக்கும். போனை எடுத்தால் ‘ஹலோ’ கிடையாது. “சொல்லுங்க, கேக்குது” என்றுதான் ஆரம்பிப்பார். நகரத்தின் இன்னொரு மூலையில் நர்சிங் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள்கூட இதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்வாள்.

குடியிருப்பது ஏழு கட்டடங்களில் உயரமானதில், எட்டு மாடிக்கும் மேலே, மொட்டைமாடியில். லிஃப்ட்டின் மிஷின் ரூமை ஒட்டி இரண்டு அறைகள். முன்னறையில் அவர் மனைவி கட்டடத்துக்கே துணி இஸ்திரி போடுகிறார். எட்டு மாடிச் சட்டைகளும் அவர் கையால்தான் மடங்கும். எட்டு மாடிச் சேதிகளும் அந்தச் சட்டைகளோடுதான் மாடிவிட்டு மாடி போகும். பின்னறையில் சமையல் டப்பாக்களுக்கு மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள்தான் இவரே கம்பி சுற்றி, ஈயம் வைத்துப் பூட்டிய வானொலிப் பெட்டி. பக்கத்துச் சுவரில் மகளின் படம். அதன் பக்கத்தில், அரசாங்கப் பரீட்சை எழுதி வாங்கிய வானொலி உரிமம், கண்ணாடி போட்ட சட்டத்தில். சட்டம் போட்டது மனைவி. அந்த வீட்டில் பரீட்சையில் பாஸான முதல் ஆள் யார் என்பது மகளுக்கும் தெரியட்டும் என்று.

வேலை முடிந்ததும் முகம் கழுவி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிஸ்கட் டின்னின் முன் உட்காருவார். பேச்சு கிடையாது, எல்லாம் மோர்ஸ், பழைய தந்தி ஆபீசின் கட்டு கடகட. ஒரு மேசைவிளக்குக்கு வேண்டிய மின்சாரம்கூட அந்தப் பெட்டிக்குக் கிடையாது. அவ்வளவு சின்ன சக்திக்குப் புள்ளியும் கோடும்தான் தோது.

அப்படி உட்கார்ந்த ஒரு சாயங்காலம், இரண்டு வருடத்துக்கு முன்னால், அந்த ஆளைக் கேட்டார்.

உலகத்தின் அந்தப் பக்கத்தில், மனிதர் குடியிருக்காத ஒரு பாறைக்கரையில் வானிலை பார்க்கும் கூடம் ஒன்று. காற்றை அளப்பதற்கும் குளிரை எழுதுவதற்கும் அங்கே ஒரே ஒரு ஆள். இங்கே பொழுது சாயும்போது அங்கே பொழுது புலரும். இரண்டு பக்கமும் வெளிச்சமுமில்லாமல் இருட்டுமில்லாமல் இருக்கும் அந்த இருபது நிமிடத்துக்கு மட்டும் வானொலி அலைக்கு வழி திறக்கும். அதன் பிறகு மூடிக்கொள்ளும். அந்த இருபது நிமிடத்தில் அந்த ஆள் தினமும் கூப்பிடுவார். மெதுவான கை. முதலில் தன் அழைப்புக்குறி (வானொலியில் அதுதான் ஆளின் பெயர்), பிறகு அன்றைய காற்று, பிறகு ஏதாவது ஒரு வரி. ‘கூரைத் தகடு ஒன்று பறந்துவிட்டது.’ ‘இரண்டு நாளாகக் காய்ச்சல்.’ ‘ஜன்னல் விளிம்பில் ஒரு பறவை முட்டையிட்டிருக்கிறது.’ முடிவில் எப்போதும் ஒரே கேள்வி: ‘யாராவது இருக்கிறீர்களா?’

இவர் பதில் தட்டுவார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, எதுவுமே காதில் விழாதது போல, அதே கேள்வி மறுபடி.

அந்தப் பக்கம் கூடத்தின் பெரிய செட்டு; அதனால் அது இங்கே நூல் போலவாவது வந்து சேர்ந்தது. இந்தப் பக்கம் பிஸ்கட் டின். அதன் சத்தம் எங்கேயோ போய்க் கரைந்துவிடும். இரண்டு வருடமாக இவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக அந்த ஆளுக்குக் கேட்கவில்லை. வேறு யாராவது வேறு நேரத்தில் அவருக்குப் பதில் சொல்லியிருக்கலாம். இவருக்கு அது தெரியாது. இவருக்குத் தெரிந்ததெல்லாம், ஒருவர் பெல்லை அடித்துக்கொண்டே நிற்கிறார், தட்டிச் சொல்ல ரெயில் இல்லை என்பதுதான். சில நாள் சாப்பிடக்கூட மனமில்லாமல் எழுந்துபோவார்.

“பொண்ணுக்குக் கல்யாணமே ஆகல, அதுக்குள்ள சம்பந்தி வந்தாச்சு” என்பார் மனைவி, இஸ்திரிப் பெட்டியில் கரியைக் கிளறியபடி. “இன்னைக்காவது காதுல விழுந்துச்சா உங்க சம்பந்திக்கு?”

“இல்ல.”

“கோவமா இருக்காரோ என்னமோ. சீர்ல ஏதாவது குறை வெச்சிருப்பீங்க.”

குறை கம்பியில் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் மிஷின் ரூம் சுவருக்கும் நடுவில், தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில், துணிக்கொடி மாதிரி படுக்கையாக ஒரு கம்பி கட்டியிருந்தார். அதுதான் அவருடைய ஆண்டெனா. அவ்வளவு தாழ்வாகப் படுத்திருக்கும் கம்பி, கொடுப்பதையெல்லாம் நேரே வானத்தைப் பார்த்து எறியும். வானம் அதை வாங்கித் திரும்பவும் அக்கம்பக்கத்திலேயே போட்டுவிடும். நானூறு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இவரைத் தெரியாத வானொலிக்காரர் கிடையாது. அதற்கு அப்பால் தெரிந்தவர் கிடையாது.

வாழ்நாள் முழுக்க ஆட்களை மேலே தூக்கிவிட்ட மனிதருக்கு, மேலே போவது தூரம் போவதாகாது என்பது புரிய எட்டு மாதம் பிடித்தது. காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் கோணம் கோணமாகக் கோடு. ஒருநாள் பென்சிலை வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

“கல்லை நேரா மேல எறிஞ்சா எங்க விழும்?”

“எறிஞ்சவன் தலையில.”

“அதையே தட்டையா, தண்ணிய உரசற மாதிரி விட்டா?”

“நாலு தத்து தத்தி, குளத்துக்கு அந்தாண்ட போகும்.”

“அதான்! நம்ம சிக்னல் தாழ்வா கெளம்பணும். எதிர்வீட்டு மாடிய ஒட்டிப் போய், கடலுக்கு மேல சாய்ஞ்சு, வானத்துல ஒரு தத்து, தண்ணியில ஒரு தத்துன்னு போகணும்.”

“இவ்வளவுதானா? இதுக்கா எட்டு மாசம் ஒரு காலண்டரைக் கிழிச்சீங்க? என்னைக் கேட்டிருந்தா மொத நாளே சொல்லியிருப்பேனே.”

தாழ்வாகக் கிளம்ப வேண்டுமென்றால் கம்பி படுத்திருக்கக் கூடாது, நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அலுமினியக் குழாய்கள் ஐந்தைச் சேர்த்து, முப்பத்து மூன்று அடிக் கம்பம். நான்கு பக்கமும் நைலான் கயிறு இழுத்துக் கட்டியாயிற்று. அதோடு முடிந்துவிடவில்லை. நிற்கும் கம்பம் பாதி ஆண்டெனாதான். மீதிப் பாதி தரையில் கிடக்க வேண்டும்: கம்பத்தின் அடியிலிருந்து எல்லாத் திசையிலும் விரிந்த கம்பிகள், முப்பத்திரண்டு. அத்தனை கம்பிக்கு எங்கே போவது என்று யோசித்த வாரத்தில்தான், லிஃப்ட் பெட்டிக்கு அடியில் தொங்கும் பழைய கேபிளை மாற்றச் சொல்லிக் கம்பெனி உத்தரவு போட்டது. கழற்றிய கேபிளைக் குப்பையில் போடலாமா என்று கேட்டு, போடலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, குப்பையில் போடாமல் மொட்டைமாடிக்கு ஏற்றினார். மேல்தோலை உரித்தால் உள்ளே கட்டுக்கட்டாகக் கம்பி. கணவனும் மனைவியுமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உரித்தார்கள். விரித்துவைத்து, கைப்பிடிச் சுவர் குறுக்கே வந்த இடத்தில் மடக்கிவிட்டு, யார் காலும் தடுக்காதபடி மனைவி ஒவ்வொன்றையும் டேப் போட்டு ஒட்டினார். ஒட்டி முடித்து எண்ணினால் முப்பத்தொன்றுதான் இருந்தது. முப்பத்திரண்டாவது தண்ணீர்த் தொட்டியருகே துணிக்கொடியாகிவிட்டிருந்தது. கேட்டதற்கு, “மத்ததெல்லாம் சும்மாதானே படுத்திருக்கு, இது ஒண்ணாவது ஒழைக்கட்டும்” என்றார்.

கம்பம் நின்ற முதல் சாயங்காலம், ஹெட்போனில் ஒரே கரகரப்பு. தகரக் கூரையில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. பத்துப் பதினைந்து நொடி கொட்டும், நிற்கும், மறுபடி கொட்டும். நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு அது ஒரு குணம்: தூரத்துச் சத்தத்தையும் பிடிக்கும், பக்கத்து வீட்டுச் சண்டையையும் பிடிக்கும். நூல் போல வந்துகொண்டிருந்த குரல் இப்போது அந்த ஜல்லிக்கு அடியில் எங்கேயோ புதைந்துவிட்டது. இவர் பதில் தட்டினார். இந்த முறை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கலாம், ஒருவேளை அந்த ஆள் துள்ளிக் குதித்துப் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இவர் காதில் ஜல்லிதான். இத்தனை நாள் இவர் கேட்டார், அவருக்குக் கேட்கவில்லை. இனி அவருக்குக் கேட்டாலும் இவருக்குத் தெரியப்போவதில்லை.

விடவில்லை. சட்டைப் பையில் சின்ன ரேடியோ ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஜல்லி எங்கே அதிகம் என்று மாடி மாடியாக மோப்பம் பிடித்தார். இரண்டாவது மாடியில் ஒரு குழல்விளக்கைச் சந்தேகித்தார். ஐந்தாவது மாடி டாக்டர் வீட்டில் துணி துவைக்கும் மிஷினைச் சந்தேகித்தார். கடைசியில், ஏழாவது மாடியில் சத்தம் காதைக் கிழித்தது. ஏழாவது மாடியில் இருப்பவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். முழங்கால் வலிக்காரர், சட்டம் பேசுகிறவர், சிரிப்பதற்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கிற ரகம். வீட்டு முன்னறையில் மீன்தொட்டி.

“மேடம், உங்க மீனாலதான் என் ரேடியோ கெட்டுப்போகுது.”

“என் மீனா?”

“மீன் இல்லீங்க, மீன் தொட்டி மோட்டார்.”

மனிதர் எத்தனையோ தடவை தன்னை லிஃப்ட்டிலிருந்து மீட்டவராயிற்றே என்று, அந்த அம்மாள் இரண்டு சாயங்காலம் மோட்டாரை அணைத்துவைத்தார். ஜல்லி குறையவில்லை. மூன்றாம் நாள் காலையில் மூன்று மீனில் ஒன்று மல்லாந்து மிதந்தது. செயலாளர் அதைப் பூத்தொட்டியில் புதைத்துவிட்டு, மாதக் கடைசிக் கூட்டத்தின் பேசுபொருள் பட்டியலில் ‘மொட்டைமாடிக் கம்பிகள்’ என்று ஒரு வரி சேர்த்தார்.

அன்று மத்தியானம்தான் விஷயம் உடைந்தது. தரைத்தளத்தில் லிஃப்ட்டுக்காக நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் ரேடியோ ஓடியபடியே இருந்தது. மேலே யாரோ ஏறிக் கதவு மூடினார்கள். பையில் ஜல்லி ஆரம்பித்தது. லிஃப்ட் இறங்கி வந்து நின்றது, ஜல்லியும் நின்றது. பொத்தானை அழுத்திக் காலியாகவே மேலே அனுப்பினார். ஜல்லி. கீழே அழைத்தார். ஜல்லி. லிஃப்ட் நின்றது, ஜல்லி நின்றது.

கம்பம் நட்ட அதே வாரத்தில் மோட்டாருக்குப் புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றைப் பூட்டியிருந்தார். லிஃப்ட் குலுங்காமல் கிளம்பும், குலுங்காமல் நிற்கும். “பட்டு மாதிரி போகுது பாருங்க” என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போயிருந்தார். ஊரில் உள்ள விளக்கையும் மீனையும் சந்தேகித்தவருக்கு, தன் கையால் மாட்டிய பெட்டிமேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. வராதுதான்; பெற்ற பிள்ளை திருடியிருக்கும் என்று யாருக்கு முதலில் தோன்றும்?

மொட்டைமாடிக்கு வந்து மிஷின் ரூம் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“நான்தான்” என்றார்.

“என்ன நீங்கதான்?”

“சத்தம் போடறது. மீன் பாவம்.”

சத்தத்தை வடிகட்ட ஒரு பெட்டி உண்டு. கம்பெனிக்கு எழுதினார். வருவதற்கு நாலு வாரம் என்றார்கள். அன்று தேதி இருபத்து நாலு. ஜல்லிக்கு நடுவில் ஒரு நிமிஷம் இடைவெளி கிடைத்த ஒரு மாலையில், அந்த ஆள் அனுப்பிய வரியை அவர் பிடித்துவைத்திருந்தார்: ‘இருபத்தெட்டில் கப்பல் வருகிறது. இனி இங்கே மிஷினே எல்லாம் அளக்கும். எனக்கு வேலை முடிந்தது.’ அதன் பிறகு வழக்கமான கேள்வி. இருபத்தெட்டுக்குப் பிறகு அந்தக் கேள்வி வராது. இரண்டு வருடம் கூப்பிட்டும் ஒருத்தரும் இல்லை என்ற நினைப்போடு அந்த ஆள் கப்பலேறிப் போய்விடுவார்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் மனைவி. “மஞ்ச போர்டை மாட்டுங்க. ரிப்பேருன்னு சொல்லி இருபது நிமிஷம் லிஃப்ட்டை நிறுத்துங்க. சுவிட்ச் உங்க கையில. யாரு வந்து கேக்கப்போறாங்க?”

“மாட்டேன்.”

“ஏன்?”

“அந்த போர்டை ஒரு தடவை பொய்யா மாட்டிட்டா, அப்புறம் நெஜமா மாட்டும்போது நானே நம்ப மாட்டேன்.”

மனைவி ஒரு சட்டையை இரண்டு தடவை தேய்த்தார். பிறகு, “அப்ப போய்க் கேளுங்க. வாய் இருக்கில்ல?” என்றார்.

இருபத்தாறாம் தேதி ஏழாவது மாடி மணியை அடித்தார். கையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பை. உள்ளே ஒரு மீன்.

செயலாளர் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இது வேற நிறம்.”

“அதே நிறம் கடையில இல்லீங்க மேடம். தப்பு என்மேலதான். சத்தம் லிஃப்ட்டுலேர்ந்து வருது.”

உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார் இவர்: கரை, காற்று, காய்ச்சல், பறவை முட்டை, கப்பல். சொல்லச் சொல்ல, கூட்டத்தில் கோப்பைப் புரட்டும் முகம் அந்த அம்மாளுக்கு மாறிக்கொண்டே வந்தது.

“நான் எங்க வேலை பார்த்தேன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாதுங்க.”

“டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். முப்பத்திரண்டு வருஷம் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டவ நான். அந்தப் பக்கம் ‘ஹலோ ஹலோ’ன்னு கத்துவாங்க, இந்தப் பக்கமும் கத்துவாங்க, ரெண்டு பேர் பேசறதும் எனக்கு மட்டும் கேக்கும். ஒரு பக்கம் மட்டும் கேக்கற லைன் எப்பேர்ப்பட்ட கொடுமைன்னு நீங்க எனக்குச் சொல்லணுமா?”

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆனா லிஃப்ட்டை நிறுத்த எனக்கு அதிகாரம் கிடையாது. சங்கத்துக்கும் கிடையாது. நாலாவது மாடியில ஒருத்தர் சக்கர நாற்காலியில இருக்காரு. ஏறாம இருக்கறது அவங்கவங்க இஷ்டம். கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.”

மறுநாள் காலை தரைத்தளப் பலகையில் நோட்டீஸ் தொங்கியது. ‘மாலை 6.10 முதல் 6.30 வரை லிஃப்ட் வழக்கம்போல் இயங்கும். அவசரம் இல்லாதவர்கள் அந்த இருபது நிமிடம் அதை அழைக்காமல் இருந்தால், வெகுதூரத்திலிருந்து வரும் ஒரு பதில் நம் மொட்டைமாடியில் ஒருவருக்குக் கேட்கும். — செயலாளர்.’

இருபத்தேழாம் தேதி சாயங்காலம் ஆறு பத்துக்கு லிஃப்ட் நின்றது. ஜல்லி நின்றது. கரைக்காரரின் குரல் நூலாக இல்லை, கயிறாகவே வந்தது. இவர் பதில் தட்டினார். இரண்டாம் தடவை தட்டினார். மூன்றாம் தடவை தட்டி முடித்துக் காத்திருந்தபோது போன் அடித்தது. நாலாவது கட்டடம். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் ஒரு பெண்மணி மாட்டிக்கொண்டிருக்கிறார்.

ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“இப்பவா?” என்றார் மனைவி. “அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போனா ஆகாதா?”

“பெல் அடிச்சிருக்காங்கம்மா” என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எட்டு மாடியும் படி வழியாகவே ஓடினார்.

திரும்பி வந்தபோது மணி ஏழு. வழி மூடியிருந்தது. முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்தவரிடம் மனைவி ஒரு காலண்டர் தாளை நீட்டினார். துணியில் வீட்டு எண் குறிக்கும் பென்சிலால் அதில் வரிசையாகப் புள்ளியும் கோடும்.

“ஆணியில தொங்கிட்டே அது கத்திக்கிட்டு இருந்துச்சு. எனக்கு உங்க பாஷை தெரியாது. சின்னதுக்குப் புள்ளி, பெருசுக்குக் கோடு, கேட்டபடி எழுதிட்டேன். தப்பிருந்தா நான் பொறுப்பில்ல.”

விளக்கடியில் கொண்டுபோய்ப் படித்தார். தப்பு நிறைய இருந்தது. பாதி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஆனால் நடுவில் மூன்று எழுத்து தெளிவாக நின்றது, அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. அவருடைய அழைப்புக்குறியின் கடைசி மூன்று எழுத்து. கரைக்காரருக்குப் பாதிப் பெயர் கேட்டிருக்கிறது, மீதியைக் கேட்டிருக்கிறார். கேட்ட நேரத்தில் இங்கே பதில் சொல்ல ஆளில்லை.

அந்தத் தாளை இவர் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். மனைவி தோளில் தட்டி, “நாளைக்கு ஒரு நாள் இருக்கில்ல?” என்றார். கப்பல் அங்கே விடியும் முன்பே வந்துவிட்டால் நாளை என்று ஒன்று கிடையாது என்பதை இவர் சொல்லவில்லை.

மறுநாள் காலை துணி கொடுக்கப் போன மனைவி வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதமாகத் திரும்பினார். எட்டு மாடியிலும் ஒவ்வொரு வாசலிலும் நின்று, யாரோ ஒரு பெண்மணிக்காக மனிதர் ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு ஓடிய கதையைச் சொல்லியிருக்கிறார். சட்டைகள் கொஞ்சம் கசங்கித்தான் போய்ச் சேர்ந்தன. யாரும் குறை சொல்லவில்லை.

இருபத்தெட்டு. ஆறு மணிக்கே ஹெட்போன் காதில் ஏறிவிட்டது. மனைவி படிக்கட்டின் தலைமாட்டில் நின்று கீழே எட்டிப் பார்த்துச் சேதி சொல்லிக்கொண்டிருந்தார். “செக்ரட்டரி மேடம் லிஃப்ட் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துட்டாங்களாம். கீழ ஒரே கூட்டம், பையும் கையுமா நிக்கறாங்க. நாலாவது மாடிக்காரர் இன்னைக்கு வெளியவே போகலையாம். டாக்டர் படியில ஏறி வர்றாரு. மூணாவது மாடியில உக்காந்துட்டாரு, பாவம், டாக்டருக்கே மூச்சு வாங்குது.”

ஆறு பத்து. அந்தக் கட்டடத்தில் இத்தனை சுத்தமான அமைதியை இவர் இருபது வருடத்தில் கேட்டதில்லை. ஆறு பதிமூன்று. ஒன்றுமில்லை. ஆறு பதினாறு. கப்பல் வந்திருக்கும் என்று நினைத்தார். கட்டாயம் வந்திருக்கும். யார்தான் கப்பலை நிறுத்திவிட்டு வந்து காற்றோடு பேசுவார்கள்?

ஆறு பதினெட்டுக்கு அந்த மெதுவான கை வந்தது. காற்று விவரம் இல்லை, வரி இல்லை. அழைப்புக்குறி, கேள்வி, அவ்வளவுதான்.

இவர் தட்டினார். தன் அழைப்புக்குறியை மூன்று தடவை, கிழவருக்குப் படி காட்டுகிற மாதிரி நிதானமாக. நிறுத்தினார். மௌனம். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார்.

வந்தது. ஆறு எழுத்தும் வந்தது. ஒன்றுகூடக் குறையாமல், கேள்விக்குறி இல்லாமல், உலகத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய அழைப்புக்குறி.

இந்த இடத்தில் வானொலிக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. உங்கள் சத்தம் எவ்வளவு தெளிவு, எவ்வளவு பலம் என்று முதலில் எண்ணால் சொல்ல வேண்டும். இவர் எண்ணை மறந்தார்.

‘இருக்கிறேன்’ என்று தட்டினார். ‘இரண்டு வருடமாக இருக்கிறேன். தினமும் கேட்டேன்.’

அந்தப் பக்கம் நீண்ட மௌனம். வழி மூடிவிட்டதோ என்று இவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி: ‘தினமுமா?’

‘கூரைத் தகடு. காய்ச்சல். ஜன்னலில் முட்டை. குஞ்சு பொரித்ததா?’

‘பொரித்தது. இரண்டு. பறந்துவிட்டன.’ அந்த மெதுவான கை இப்போது தடுமாறியது. புள்ளி கோடாயிற்று, கோடு புள்ளியாயிற்று. ‘சுவரோடு பேசிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். நன்றி, நண்பரே. கப்பல் சங்கு ஊதுகிறது.’ கடைசியாக, வானொலிக்காரர்கள் விடைபெறும்போது வாழ்த்தாகச் சொல்லும் எண், எழுபத்து மூன்று. அதை மட்டும் இரண்டு தடவை, தப்பில்லாமல் அனுப்பினார்.

ஆறு இருபத்தாறு. ஹெட்போனில் வெறும் காற்று.

“சம்பந்தி என்ன சொன்னாரு?” என்று ஓடிவந்தார் மனைவி. இவர் ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார். முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு அதே முந்தானையால் அவர் கண்ணையும் துடைத்தார்.

அப்போது லிஃப்ட் பெல் அடித்தது. தரைத்தளத்திலிருந்து, ஒரே ஒரு தடவை, சுருக்கமாக. லிஃப்ட் அசையவில்லை, ஆறரைக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது, செயலாளர் நாற்காலியை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததா என்று கேட்பதுபோல யாரோ உள்ளே கையை நீட்டி அழுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

இவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எட்டாவது மாடிக்கு இறங்கினார். சாவி போட்டுக் கதவைத் திறந்தார். எட்டு மாடி ஆழத்துக்கு இருட்டு. அடியில் பேச்சு மூச்சில்லாமல் ஒரு கூட்டம். கையை நீட்டி, ரெயிலில் டங், டங் என்று எப்போதும்போல இரண்டு தட்டினார். ‘வந்துட்டேன்’ என்று கத்தாமலே ஸ்பேனரைப் பைக்குள் வைக்கப்போனவர், திரும்பவும் கையை நீட்டி, அவருக்குக் கேட்டுவிட்டது என்று சொல்வதுபோல, மூன்றாவதாக இன்னும் ஒரு தட்டு தட்டினார்.